பிள்ளை கோடிங் கற்க ஆசைப்பட்டால்...



ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் நமது அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு விண்ணப்பங்கள் வரும். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை என்று இருந்த பட்டியலில் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 'கோடிங் வகுப்புக் கட்டணம்'.

கடந்த ஆண்டு இதற்காக வந்தவர் ஆட்டோ ஓட்டும் ஒரு சகோதரர். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனை இணைய வகுப்பு ஒன்றில் சேர்த்திருந்தார். கைப்பேசியில் வந்த படிவத்தை முழுதாகப் படிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார். அது கட்டணம் அல்ல, வட்டியுடன் கூடிய கடன் என்பது வங்கிக் கணக்கிலிருந்து மாதத் தவணை பிடிக்கத் தொடங்கிய பிறகே அவருக்குத் தெரிந்தது. பையனோ மூன்றாம் வாரமே வகுப்பை விட்டுவிட்டான். தவணை மட்டும் நிற்கவில்லை.

"புள்ள ஆசையா கேக்கும்போது இல்லைன்னு எப்படிச் சொல்றது பாய்?" என்றார். நம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவரைப் போன்ற பெற்றோர் பலர் நம் மஹல்லாவில் இருப்பதால் அந்தப் பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கோடிங் என்றால் என்ன என்பதே பலருக்கு மூட்டமாக இருக்கிறது. நம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரியிடம் "இன்றைக்கு முந்நூறு பேர்" என்று சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அதே வேலையை அடுப்படிப் பக்கமே போகாத ஒருவரிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை படி அரிசி, எத்தனை குடம் தண்ணீர், எதை முதலில் போடுவது, எப்போது கிளறுவது என்று ஒவ்வொன்றையும் எழுதித் தர வேண்டும். 'உப்பு தேவைக்கேற்ப' என்று எழுதினால் அவர் விழிப்பார். 'ஒரு கரண்டி எடுத்து ருசி பார். உப்புக் குறைந்தால் ஒரு கைப்பிடி போட்டுக் கிளறு. மறுபடி ருசி பார். சரியாகும் வரை இதையே செய்' என்று எழுத வேண்டும். (நோன்பாளி ருசி பார்க்கலாமா என்பதை ஃபிக்ஹ் வகுப்புக்கு விட்டுவிடுவோம்.) கணினியும் அந்த விவரம் அறியாத ஆளைப் போன்றதுதான். சொன்னதை அப்படியே செய்யும், சொல்லாததை ஊகிக்காது. மேலே எழுதியதில் 'குறைந்தால்' என்பது ஒரு நிபந்தனை. 'சரியாகும் வரை' என்பது ஒரு சுழற்சி. எவ்வளவு பெரிய மென்பொருளிலும் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

இப்படிப் படிப்படியாக அமைத்த செய்முறைக்கு அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்து உருவான சொல் அது. நம் மேடைகளில் இதைப் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறோம். பேசியவர் வீட்டுப் பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று அதட்டுவதையும் கேட்டிருக்கிறோம்.

நாமும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்த ஒரு சகோதரி, தம் மகன் இரவில் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான் என்று அலுவலகத்தில் வந்து அழுதார். "போனை வாங்கி வைத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்லி அனுப்பினோம். அவன் அதில் என்ன செய்கிறான் என்று நாம் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு அவனுடைய ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தச் சின்னத் திரையில் அவன் பைதான் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான் என்பது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவனுக்கு அதில் மனம் இல்லை. இரவு விழிப்பைத் தடுத்தது சரிதான், ஆனால் விசாரித்துவிட்டுத் தடுத்திருக்க வேண்டும்.

எனவே பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பிள்ளை ஒரு விளையாட்டை விளையாடிக்கொண்டே இருக்கிறதா, அல்லது 'இந்தப் பந்து ஏன் இப்படிப் போகிறது, வேறு மாதிரி போகச் செய்ய முடியுமா' என்று யோசிக்கிறதா? இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் ஆர்வம் முளைவிட்டிருக்கிறது என்று பொருள்.

அதற்குத் தண்ணீர் ஊற்றப் பெரும் பணம் தேவையில்லை. ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெளியிட்டார்கள். முற்றிலும் இலவசம். முக்கியமாக 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. இதில் நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் இருக்கும் பூனை நடக்கும், பேசும், துள்ளும். ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். தமிழகப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே கடைசிப் பாடத்தில் இது வருகிறது. தேர்வுக்கு உதவாத வேலை என்று ஒதுக்குபவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

கட்டைகள் அலுத்துப்போன பிள்ளைக்கு, பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில், பைதான் மொழி பொருத்தமாக இருக்கும். 1991-இல் வெளிவந்த மொழி, இதுவும் இலவசம். நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் பைதான்தான் கற்பிக்கப்படுகிறது. அந்த நூல் தமிழ் வழியிலும் கிடைக்கிறது. "எங்க புள்ள தமிழ் மீடியம், இங்கிலீஷ் வராதே" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். பைதானுக்கே உரிய கட்டளைச் சொற்கள் சுமார் 35 மட்டுமே. குர்ஆன் மதரஸாவில் அரபு எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு 35 ஆங்கிலச் சொற்கள் மலையல்ல. தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியும் உண்டு.

கணினி? அரசு 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி நம் வீடுகள் பலவற்றில் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கொடுத்த அந்தப் பழைய கணினியில் ஸ்க்ராட்ச்சின் பழைய பதிப்பும் பைதானின் பழைய பதிப்பும் ஓடும். தொடக்கத்துக்கு அவை போதும். பேட்டரி செத்திருந்தால் மின்னிணைப்பில் வைத்தே பயன்படுத்தலாம்.

"எங்களுக்கு ஒன்றும் தெரியாதே, எப்படி உதவுவது?" என்பதுதான் பெற்றோரின் பெரிய கவலை. நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி, தங்கத்துக்கான ஜகாத்தைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றைப் பைதானில் எழுதினாள். எத்தனை பவுன், பவுன் என்ன விலை என்று கேட்கும். இரண்டரை சதவீதத்தைக் காட்டும். முதலில் தன் உம்மாவிடம்தான் காட்டினாள். அவர் தையல் வேலை செய்பவர், கணினியைத் தொட்டதில்லை. தம்மிடம் இருக்கும் மூன்று பவுனைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். திரையில் ஒரு தொகை வந்தது. உம்மா சிரித்துவிட்டார். "எனக்கு எப்படி புள்ள ஜகாத்து கடமையாவும்? நாமளே வாங்குற எடத்துல இருக்கோம்."

மாணவி நிஸாபை மறந்திருந்தாள். தங்கத்துக்கு ஏறக்குறைய 11 பவுன் அளவை எட்டினால்தான் ஜகாத் என்ற நிபந்தனை நிரலில் இல்லை. (அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே போகவில்லை.) கணினி சொன்னதைச் செய்தது. பிழையைக் கண்டுபிடித்தது கோடிங் அறியாத தாய். அன்றிரவே அவள் 'குறைவாக இருந்தால்' என்ற ஒரு வரியைச் சேர்த்தாள். பிறகு, ஓராண்டு நிறைந்ததா, கடன் இருக்கிறதா என்று உம்மா கேட்கக் கேட்க நிரலும் வளர்ந்தது. பெற்றோரிடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவே. பிள்ளை செய்ததைப் பாருங்கள்; "இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள், பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். விளக்கும்போது பாதிப் பிழைகள் அதற்கே தெரிந்துவிடும்.

திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஒரு கால்புள்ளி, ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் நின்றுவிடும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தக் கலையில் பாதி வேலை. அனுபவமிக்க பொறியாளர்களுக்கும் இதே கதைதான். பிள்ளை அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகு உதவிக்கு ஆள் தேடுங்கள், அதற்கு முன் வேண்டாம். இடையில் சில வாரம் ஆர்வம் குறைந்தால் விட்டுப் பிடியுங்கள். பத்து வயதில் 'இவன் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆகப்போகிறான்' என்று உறவினரிடமெல்லாம் சொல்லி வைப்பதும் ஒரு சுமைதான்.

கணினியைக் கூடத்தில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம். இணையத்தில் தாம் செய்ததை வெளியிடும்போது உண்மைப் பெயர், புகைப்படம், பள்ளியின் பெயர் எதையும் தரக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். தொழுகை நேரத்துக்கும் தூக்கத்துக்கும் கணினி மூடியிருக்கட்டும். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு மேலே சொன்ன மாணவியை நினைவூட்டுகிறோம்.

நமது வாசகசாலையில் இப்போது இரண்டு கணினிகள் உள்ளன. சனி, ஞாயிறு அஸருக்குப் பின் மஃரிப் வரை ஆண் பிள்ளைகளும், ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை பெண் பிள்ளைகளும் வரலாம். கட்டணம் இல்லை. நம் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவ மாணவியர் சிலர் உடனிருந்து வழிகாட்டுகிறார்கள். அந்த ஆட்டோ ஓட்டும் சகோதரரின் மகனும் வருகிறான். பூனையைத் துள்ள வைத்துவிட்டான். இப்போது அதை எலியைத் துரத்த வைக்கப் பாடுபடுகிறான்.

அவன் தந்தையின் கடனை ரத்து செய்யக் கோரி நம் வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை. இதுபோன்ற படிவத்தில் வேறு யாரேனும் ஒப்புக்கொண்டிருந்தால், அதன் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நீங்களே நேரடியாகவும் புகார் செய்யலாம். இனி சேர நினைப்பவர்கள், ஒப்புக்கொள்ளும் முன் அந்தப் படிவத்தை நம்மிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.