கோப்பும் கையொப்பமும்

பாடசாலைக்கு வராத பிள்ளை மறுநாள் ஒரு கடிதத்துடன் வருகிறாள். வகுப்பாசிரியை அதில் இரண்டு விடயங்களைப் பார்க்கிறார். எழுதியதில் யாரும் பின்னர் கைவைத்திருக்கிறார்களா? கீழே இருப்பது உண்மையில் தந்தையின் ஒப்பம்தானா? கணினியிலும் கைத்தொலைபேசியிலும் உள்ள ஒவ்வொரு கோப்பையும் பற்றி இதே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். பணிசெயல் முறைமை அவற்றுக்கு எவ்வாறு விடை காண்கிறது என்பதை, தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவி என்ற வகையில் நான் விளங்கிக்கொண்டவாறு இங்கே எழுதுகிறேன்.

முதலாவது கேள்விக்கு விடை தருவது 'ஹேஷ்' எனப்படும் கணிப்பு. எஸ்.எச்.ஏ-256 என்ற முறை, ஒரு பக்கக் கட்டுரையானாலும் முழுநீளத் திரைப்படமானாலும் அதற்கு 64 குறிகள் கொண்ட ஒரு தொடரைத் தரும். அதனைக் கோப்பின் விரலடையாளம் எனலாம். ஒரு காற்புள்ளி மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும்.

ஆனால் விரலடையாளம் மட்டும் போதாது. 2016 பெப்ரவரி 20 ஆம் திகதி, லினக்ஸ் மின்ட் என்ற இலவசப் பணிசெயல் முறைமையின் இணையத்தளத்துள் ஊடுருவியோர், தரவிறக்க இணைப்பை ஒரு போலிப் பிரதிக்குத் திருப்பிவிட்டனர். அந்தப் பிரதியினுள் அந்நியர் நுழைய இரகசிய வழி வைக்கப்பட்டிருந்தது. தளத்தையே கைப்பற்றியவருக்கு அங்கே எழுதப்பட்டுள்ள ஹேஷ் தொடரை மாற்றுவதும் இலகு. பூட்டுக்குப் பக்கத்திலேயே திறப்பையும் தொங்கவிட்டால் பூட்டி என்ன பயன்?

இரண்டாவது கேள்விக்கு விடை இலக்கமுறைக் கையொப்பம். மென்பொருளை வெளியிடுபவர் அதன் ஹேஷைத் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறப்பினால் ஒப்பமிடுகிறார். அதைச் சரிபார்க்கும் பொதுத் திறப்பு எல்லோருக்கும் கிடைக்கும். கோப்பு மாறினாலும், ஒப்பமிட்டவர் மாறினாலும் சரிபார்ப்புத் தோல்வியடையும்.

இந்தச் சோதனையை நம் தொலைபேசி சத்தமின்றிச் செய்கிறது. அன்ட்ரொயிட் 4.4 பதிப்பில் (2013) அறிமுகமான ஓர் ஏற்பாடு, முறைமைக் கோப்புகளை 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, வாசிக்கும்போதே ஒவ்வொரு துண்டின் ஹேஷையும் ஒப்பிடுகிறது. பொருந்தாத துண்டை ஏற்க மறுக்கிறது.

செயலிகளுக்கும் இத்தகைய காவல் உண்டு. தொலைபேசியில் உள்ள செயலியைப் புதுப்பிக்க வரும் கோப்பில் பழைய வெளியீட்டாளரின் ஒப்பம் இல்லையெனில் அன்ட்ரொயிட் அதனை நிறுவாது. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுக்களில் வரும் சில செயலிகளுடன், "பழையதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள்" என்ற அறிவுறுத்தலும் வரும். அது பெரும்பாலும் ஒப்பம் பொருந்தாததன் அறிகுறி. பழையதை அழித்ததும் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. காவலாளியை நாமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஒப்பம் "இவர் இன்னார்" என்று மட்டுமே சொல்லும். அவர் நல்லவரா என்று சொல்லாது. அதைத் தீர்மானிப்பது நம் பொறுப்பு. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் தொலைபேசியில், அறியாத மூலத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி கேட்கப்பட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள், தோழியரே. பெற்றோரும் தமது தொலைபேசியில் அந்த அனுமதி எதற்கேனும் வழங்கப்பட்டுள்ளதா என்று இன்றே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.