பாடகி சீரியலுக்குப் போனால் இறக்கமா?

போன வாரம் கிளேட்டன் ரோட்டில் ஒரு காபிக் கடை. மோனாஷ் யுனிவர்சிட்டியில் மாஸ்டர்ஸ் முடித்த நம்ம ஊர்த் தம்பி ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தான். எட்டு மாதமாக டெவலப்பர் வேலைக்கு அப்ளை பண்ணி, கடைசியில் கிடைத்தது ஹெல்ப்டெஸ்க் வேலை.

"ஊர்ல என்னண்ணா சொல்றது? இதுக்கா இவ்வளவு கடன் வாங்கிப் படிச்சேன்னு கேப்பாங்களே" என்றான்.

அவனுக்கு டெல்டா குட்ரெம் கதையைச் சொன்னேன். இங்கே வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். என்னைப் போல் பிற்பாடு வந்து சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

சிட்னியில் 1984-ல் பிறந்த பெண். 15 வயதிலேயே சோனி நிறுவனத்துடன் ஒப்பந்தம். 2001-ல் முதல் பாட்டு வெளிவந்தது. 'ஐ டோன்ட் கேர்' என்று பெயர். கேட்டவர்களும் அப்படியே இருந்துவிட்டார்கள் போல! டாப் 50 பட்டியலுக்குள்கூட அது நுழையவில்லை.

அடுத்த வருடம் அவர் 'நெய்பர்ஸ்' சீரியலில் நடிக்கப் போனார். கிளேட்டன் பக்கமிருந்து வடக்கே கொஞ்ச தூரம் காரில் போனால் வெர்மான்ட் சவுத் வரும். சீரியலில் 'ராம்சே தெரு'வாக வந்தது அங்கே இருக்கும் பின் ஓக் கோர்ட்தான்.

நம்ம ஊரில் பெரிய திரையிலிருந்து சின்னத்திரைக்கு வந்தால் 'மார்க்கெட் போச்சு' என்பார்கள். 1999-ல் 'சித்தி'யோடு ராதிகா வந்து ஜெயித்துக் காட்டிய பிறகும் அந்தப் பேச்சு முழுசாக ஓயவில்லை.

டெல்டாவுக்குக் கிடைத்தது நினா டக்கர் என்ற வேடம். கூச்ச சுபாவமுள்ள பள்ளி மாணவி, பாடகியாக ஆசைப்படுபவள். 'பார்ன் டு ட்ரை' பாட்டை ஜனங்கள் முதலில் கேட்டது அந்த சீரியலில்தான். 2002 நவம்பரில் வெளியாகி ஆஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்தது. 2003-ல் வந்த 'இன்னசென்ட் ஐஸ்' ஆல்பம் 29 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதே வருடம் ஜூலையில், 18 வயதில், ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய். சிகிச்சை முடித்து மறுபடி பாட வந்தார். பிறகு டிவிக்கும் வந்தார். 2012-ல் 'தி வாய்ஸ்' நிகழ்ச்சியில் பயிற்சியாளர். 2018-ல் ஒரு மினி சீரிஸில் ஒலிவியா நியூட்டன்-ஜானாகவே நடித்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீரியலுக்குப் போனதால் மட்டும் அவர் ஜெயிக்கவில்லை. போன இடத்திலும் பாட்டை விடவில்லை. வேடம் பாடகி வேடமாக இல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

எனக்கும் இது பட்டுத் தெரிந்ததுதான். சென்னையில் எட்டு வருடம் கோடு எழுதியவன். 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை' என்று இங்கே எல்லாக் கதவும் மூடிய பிறகு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணிக் கொடுத்தேன். முதல் மாதம் அழுகைதான் வந்தது. ரெண்டாவது மாதம், தினமும் திரும்பத் திரும்ப வந்த புகார்களுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். அதை மேனேஜர் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் டெவலப்பர் டீமுக்கு மாற்றினார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. ஹெட்செட்டோடேயே வருடக்கணக்கில் தங்கிவிட்டவர்களும் என்கூட இருந்தார்கள். அதையும் தம்பியிடம் மறைக்கவில்லை. "வேலைக்குப் போ, ஆனா தினமும் கொஞ்சமாவது கோடு எழுது" என்றேன்.

திங்கட்கிழமை சேருகிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அதை அவன்தான் சொல்லியாக வேண்டும்.