விருதும் கொழுந்துக் கூடையும்



ஓர் ஆராய்ச்சி நிலையத்திற்குப் புதிய அறிஞர்கள் நியமிக்கப்பட்டனர் என்றோ, விஞ்ஞானி ஒருவர் விருது பெற்றார் என்றோ செய்தி வருமாயின், அது கற்றோர் வீட்டுக் காரியம் என நாம் ஒதுக்கிவிடுகிறோம். அந்த விருதுக்கும் நம் மலைநாட்டுக் கொழுந்துக் கூடைக்கும் உள்ள தொடர்பைச் சிறிது சிந்திப்போம்.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-ஆம் ஆண்டில் தோன்றியது. தலவாக்கலையில், செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் அது இயங்கி வருகிறது. 1930-களில் இலையைச் சுருட்டித் தின்னும் புழுவொன்று தோட்டங்களைப் பாழாக்கியது. அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவியொன்றை அந்நிலையத்தார் ஜாவாவிலிருந்து வருவித்து மலைகளில் பரவவிட்டனர். புழு அடங்கிற்று. உயிரைக் கொண்டே உயிரின் கேட்டைத் தடுக்கும் இம்முறை, இன்று உலகெங்கும் போற்றப்படுகிறது.

மற்றொரு பணி நற்செடி தேர்தல். விதையிலிருந்து முளைக்கும் தேயிலைச் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் வேறுபடும். ஆனால், சிறந்த செடியொன்றிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டுத் துண்டை நறுக்கி நட்டால், தாய்ச்செடியின் குணம் மாறாமல் வளரும். இவ்வாறு தெரிந்தெடுத்துப் பரப்பப்பட்ட இனங்களுள் 'டி.ஆர்.ஐ. 2025' நாடறிந்தது.

இதில் ஓர் இடர் உண்டு. ஒரே குணமுடைய செடிகள் மலை முழுவதும் நிற்குமாயின், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். 1946-இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், புதிய பகை எப்போதும் வரலாம் என்பதைக் காட்டிற்று. ஆகவே புதிய இனங்களைத் தேடிக்கொண்டேயிருத்தல் வேண்டும். ஓரினத்தைக் கலந்து, வளர்த்து, சோதித்துத் தோட்டத்திற்கு அளிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். தேயிலையின் மரபணுத் தொகுதி வரைவு 2017-இல் வெளியிடப்பட்டது. அதன் துணையால், நாற்றுப் பருவத்திலேயே நற்குணத்தை இனங்காண விஞ்ஞானிகள் முயல்கின்றனர்.

இருபதாண்டு வேலையை ஒருவர் தொடங்கினால் மற்றொருவரே முடிக்க நேரிடும். இடையில் ஓர் இருக்கை வெறுமையானால் வேலை அறுந்துவிடும். எனவே புதிய நியமனம் என்பது வெறும் உத்தியோகச் செய்தியன்று. அறுபடாத தொடர்ச்சிக்குரிய உறுதியாகும்.

விருதும் அவ்வாறே. நிலையம் தோன்றிய அதே 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தவர் எம். எஸ். சுவாமிநாதன். உலக உணவுப் பரிசை 1987-இல் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அப்பரிசுப் பணத்தைத் தம் வீட்டுக்கெனக் கொள்ளாது, 1988-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப் பயன்படுத்தினார். இந்தியாவின் 'பாரத ரத்னா' அவர் மறைவுக்குப் பின் 2024-இல் வழங்கப்பட்டது. ஒரு விருது பல ஆராய்ச்சியாளர்க்கு வாயில் திறந்தது.

அவ்வாயிலில் நம் பிள்ளைகளும் நுழைய வேண்டாமா? கவ்வாத்தின் பதமும் கொழுந்தின் தரமும் அறிந்த பெற்றோர்க்குப் பிறந்தவர்கள் அவர்கள். அவ்வறிவோடு விஞ்ஞானக் கல்வியும் சேருமானால் எவ்வளவு நலம் விளையும்! ஆனால், விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலையிலிருந்து விஞ்ஞானி வருவது அரிது. கலைப்பட்டதாரியாகிய நான் அக்குறையை அறிந்தே சொல்லுகிறேன்.

பிறர் பெற்ற விருதைக் கேட்டு மகிழ்வோம். அதனோடு, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்க விரும்பும் நம் மகளை, 'அது நமக்கு எட்டாது' என்று தடுக்காதிருப்போம். நாளைய தேயிலையைத் தெரிந்தெடுக்கும் கை அவளுடையதாகவும் இருக்கலாம்.