உங்களுக்குத் தெரியுமா? பலகையை அறுத்து அச்சிட்ட ஓவியர்

'அலறல்' ஓவியத்தால் உலகறிந்த நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் (1863–1944), அச்சுக்கலையிலும் பெரிய கை. ஐந்து வயதில் தாயையும் பதின்மூன்று வயதில் அக்கா சோஃபியையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் பிறந்த 'நோயுற்ற சிறுமி' ஓவியத்தை, 1896இல் பாரிஸில் வண்ணக் கல்லச்சாகவும் கொண்டுவந்தார். அச்சுப் பணியை அவர் தொடங்கியது 1894இல், பெர்லினில்.

மரச்செதுக்கு அச்சில்தான் அவருடைய துணிச்சல் தெரியும். பல வண்ணம் வேண்டுமென்றால் நிறத்துக்கொரு பலகை செதுக்குவது வழக்கம். முங்க் ஒரே பலகையை மெல்லிய ரம்பத்தால் துண்டுகளாக அறுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மை பூசி, மறுபடி பொருத்தி, ஒரே அழுத்தில் அச்சிட்டார். கடலைப் பார்த்து நிற்கும் இருவரைக் காட்டும் 1899ஆம் ஆண்டுப் படத்தில் பெண்ணுருவம் தனித் துண்டு. ரம்பம் போன தடம் அவளைச் சுற்றி வெள்ளைக் கோடாக நிற்கிறது. அருகில் நிற்பவனிடமிருந்து அவளைப் பிரிப்பதும் அந்தக் கோடே. 'முத்தம்' அச்சிலோ மரத்தின் ரேகைகளே பின்னணி.

தம்மிடமிருந்த படைப்புகளை ஓஸ்லோ நகருக்கு எழுதிவைத்தார். அவற்றுக்கான அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்டது.