வேரும் பங்கசுவும்: ஒன்றியவாழ்வின் இயங்கியல்

புதுக்குடியிருப்பைச் சூழ்ந்த வன்னிக் காடுகளிலே பாலையும் முதிரையும் வீரையும் நீண்ட கோடையைத் தாங்கி நிற்கின்றன. இவ்வுறுதியை மரத்தின் தனியாற்றலாகக் கொள்வது மரபு. ஆயின், வெப்பவலயக் காட்டு மரங்களுட் பெரும்பாலானவற்றின் வேர்கள் பங்கசுக்களுடன் இணைந்தே வாழ்கின்றன. 1885 இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பிராங்க் இவ்விணைப்பிற்குப் ‘பங்கசுவேர்’ எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

வேர் எட்டாத நுண்டுளைகளுட் புகும் பங்கசு இழைகள் பொசுபரசைக் கொணர்கின்றன. மரம் ஈடாக வெல்லத்தையும் கொழுப்பையும் வழங்குகின்றது. இப்பரிவர்த்தனையை நெறிப்படுத்துவதில் தாவர ஓமோன்களுக்குப் பெரும் பங்குண்டு. பொசுபரசு குறையும்போது வேர் ஸ்திரிகோலக்டோன் என்னும் பொருளைக் கசியவிடுகின்றது. அது பங்கசு இழைகளைக் கிளைக்கத் தூண்டுவதை 2005 இல் அகியாமா முதலிய ஜப்பானிய ஆய்வாளர் நிறுவினர். அதுவே தண்டின் கிளைத்தலை அடக்கும் ஓமோனுமாகும் என்பது 2008 இல் வெளியாயிற்று. பற்றாக்குறையின்போது மேலே வளர்ச்சி ஒடுங்க, கீழே உறவு விரிகின்றது. வேரினுள்ளே, பங்கசு அமைக்கும் நுண்கிளைப்புகளை ஒட்சின் ஊக்குவிக்கின்றது. மிகையான கிபரெலின் குன்றச்செய்கின்றது. எதிலீனும் பொதுவாகத் தடையே.

இதனை இயற்கையின் அறமெனப் போற்றுவது கருத்துமுதல்வாதமாகும். ஸ்திரிகோலக்டோன் வகைப் பொருள் முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது 1966 இல். சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையின் வித்துக்களை முளைக்கச்செய்யும் பொருளாகவே அது அன்று அறியப்பட்டது. நண்பனை அழைக்கும் குரலே பகைவனையும் எழுப்புகின்றது. பொசுபரசு மிகுந்தாலோ, தாவரம் அழைப்பையே குறைத்துக்கொள்கின்றது. இயற்கையிற் போராட்டத்தை மட்டுமோ இசைவை மட்டுமோ காண்பது ஒருதலைப்பட்சம் என்று ஏங்கெல்ஸ் கண்டித்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வறிவுக்கு நடைமுறைப் பொருளுண்டு. 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தளர்த்தப்பட்டபோதும் அடுத்த பெரும்போக நெல்விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. ஆண்டுக்கணக்காகப் பசளையில் வளர்ந்த வயலில், மண்ணின் உறவுகள் ஓர் ஆணையால் மீள்வதில்லை. நெல்லின் நைதரசன் தேவையைப் பங்கசு ஈடுசெய்வதுமில்லை. விலையைக் கொடுத்தவர் உழவரே.

காட்டிற்கும் இது பொருந்தும். இயந்திரங்கள் மேல்மண்ணை வழித்தெடுக்கும்போது மரங்களோடு இழைவலையும் அழிகின்றது. அவ்விடத்தில் வெறுங்கன்றை நாட்டுவது மீள்வனமாக்கலின் பாதியே. நாற்றுப்பையிற் காட்டுமண் ஒரு பிடி கலப்பதும், பொசுபரசுப் பசளையை அளவோடு இடுவதும் மறுபாதியின் தொடக்கமாகும்.