எண்ணியல் வானொலியும் ஒப்புமை வானொலியும்: ஒலி தேயும் முறை குறித்த ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: ஒப்புமை ஒலிபரப்பு, எண்ணியல் ஒலிபரப்பு, மத்திய அலை, டி.ஆர்.எம்., ஏற்பி, கரையோரக் கேட்போர்

முன்னுரை

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூன் 16இல் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1977இல் அந்நகரிலேயே பண்பலை ஒலிபரப்பும் தொடங்கின. இம்மூன்றும் அனலாக் எனப்படும் ஒப்புமை முறையைச் சார்ந்தவை. பின்னர் அனைத்திந்திய வானொலி தன் மத்திய அலைபரப்பிகளில் 30க்கும் மேற்பட்டவற்றை, டிஜிட்டல் ரேடியோ மொண்டியல் (டி.ஆர்.எம்.) என்னும் எண்ணியல் முறைக்கும் ஏற்றவையாக அமைத்தது. இவ்விரு முறைகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒலித்தெளிவையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆயினும், சைகை வலுக்குன்றும்போது ஒவ்வொரு முறையும் எவ்வாறு தோல்வியுறுகிறது என்பதே அடிப்படை வேறுபாடு என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒப்புமை முறையில் ஒலியின் தேய்வு

மத்திய அலையில் கையாளப்படுவது வீச்சுப் பண்பேற்றமாகும். பேச்சொலியின் ஏற்ற இறக்கம் ஊர்தி அலையின் வீச்சில் அப்படியே பதிகிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு டையோடு போதும். மின்கலமே இல்லாத படிக வானொலி இயங்கியதும் இதனால்தான். இந்த எளிமைக்கு அலைபரப்பி பெரும் விலை கொடுக்கிறது. ஒற்றைச் சுருதியால் முழுமையாகப் பண்பேற்றப்பட்ட நிலையிலும், மொத்த ஆற்றலில் மூன்றில் இரு பங்கு செய்தி எதையும் சுமக்காத ஊர்தி அலைக்கே செலவாகிறது.

மின்னலும் மோட்டார்களும் எழுப்பும் இரைச்சல் இவ்வீச்சிலேயே கலப்பதால் அதைத் தனியே விலக்குவது அரிது. தொலைவு கூடக் கூட இரைச்சல் படிப்படியாக மிகுகிறது. ஆனால் பேச்சு உடனே மறைந்துவிடுவதில்லை. மொழியறிந்த செவி, விடுபட்ட ஒலிகளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பகலில் மத்திய அலையை உறிஞ்சும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இரவில் மறைவதால், மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் தொலைதூர நிலையங்களும் ஏறியிறங்கும் ஒலியோடு கேட்கின்றன. பண்பலையிலும் ஒரு வாசல் அளவு உண்டு என்பது உண்மையே. எனினும் அங்கும் இரைச்சல் முன்னறிவிப்புப் போல வந்த பின்னரே ஒலி அழிகிறது.

எண்ணியல் முறையில் ஒலியின் முறிவு

எண்ணியல் முறையில் ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. செவிக்குப் புலப்படாத கூறுகள் நீக்கப்படுகின்றன. பிழைதிருத்தத்திற்கான கூடுதல் பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. பின்னர் அவை காலத்திலும் அலைவரிசையிலும் கலைத்து அடுக்கப்பட்டு, நெருங்கிய பல ஊர்தி அலைகளில் பகிர்ந்து அனுப்பப்படுகின்றன. ஐரோப்பாவில் பரவலான டி.ஏ.பி. முறை 1,536 ஊர்தி அலைகளைப் பயன்படுத்துகிறது. அதில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னர் விடப்படும் 246 மைக்ரோ நொடிக் காப்பு இடைவெளிக்குள் வந்துசேரும் எதிரொலி தீங்கு செய்யாது. இதனால் அண்டை நிலையங்கள் பலவும் ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்ப இயலும். டி.ஆர்.எம். முறையோ மத்திய அலையின் வழக்கமான 9 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ளேயே அடங்கக்கூடியது.

பிழைதிருத்தத்தின் ஆற்றல் எல்லைக்குள் இருக்கும்வரை, எண்ணியல் ஒலியில் இரைச்சலின் சுவடே தெரிவதில்லை. எல்லை கடந்ததும் ஒலி துண்டுதுண்டாகிச் சட்டென நின்றுவிடுகிறது. இடைப்பட்ட தேய்நிலை மிகக் குறுகியது. பொறியாளர்கள் இதனை மலைமுகட்டின் செங்குத்துச் சரிவுக்கு ஒப்பிடுவது பொருத்தமே. குறியாக்கமும் கலைத்தடுக்கலும் காலம் எடுத்துக்கொள்வதால் எண்ணியல் ஒலி சில நொடிகள் தாமதித்தே வருகிறது. செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக் குறியொலியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏற்பிக்கு மாறிய சுமை

ஒப்புமை முறையில் அலைபரப்பி சுமந்த பாரத்தை எண்ணியல் முறையில் வானொலிப் பெட்டி சுமக்கிறது. ஒலிபரப்புவோருக்கு மின்செலவு குறைகிறது. கேட்பவரோ கணிப்புத் திறன் கொண்ட, விலை மிகுந்த, மின்கலத்தை விரைவில் தீர்க்கும் புதிய ஏற்பியை வாங்க வேண்டியுள்ளது. மலைகளுக்கிடையே இரண்டு வலையமைப்புகளை ஒருசேர நடத்தும் செலவைத் தவிர்க்க விரும்பிய நார்வே, 2017 ஜனவரியில் நூர்லாந்து மாவட்டத்தில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பருக்குள் நாடு தழுவிய பண்பலை ஒலிபரப்புகளை நிறுத்தியது. அங்கும் உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல பண்பலையிலேயே தொடர்ந்தன. இந்தியாவில் டி.ஆர்.எம். ஏற்பிகள் பெரிதும் புதிய மகிழுந்துகளுக்குள்தான் உள்ளன. ஆதலால் ஒரே அலைபரப்பியில் இரு முறைகளையும் அருகருகே அனுப்பும் இடைக்கால ஏற்பாடு கையாளப்படுகிறது.

கரையோரக் கேட்போரின் நிலை

மகிழுந்தில் செல்வோரை மட்டும் கருதினால் இம்மாற்றத்தில் பெரிய இடர் இல்லை. கடலுக்குச் செல்லும் மீனவரின் நிலை வேறு. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மத்திய அலையின் தரையலை நிலத்தைவிடக் கடற்பரப்பில் நெடுந்தொலைவு செல்கிறது. கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை முடிந்த பின்னரும் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டியில் வானிலை எச்சரிக்கை கேட்பதற்கு இதுவே காரணம். அப்பெட்டியின் ஃபெரைட் தண்டு திசையுணர்வு கொண்டது. பெட்டியைச் சற்றே திருப்பினால் ஒலி தெளிவதைக் கேட்போர் அனுபவத்தால் அறிவர். மிகும் இரைச்சலே நிலையம் விலகுகிறது என்பதை உணர்த்திவிடும். எண்ணியல் ஏற்பியில் எழும் மௌனம் அவ்வாறு எதையும் உணர்த்துவதில்லை. நிலையம் நின்றதா, மின்கலம் தீர்ந்ததா, படகு எல்லை கடந்ததா எனப் பிரித்தறிவது கடினம்.

டி.ஆர்.எம். முறைக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு. அதன் நெருக்கடி எச்சரிக்கை வசதி, அதற்கேற்ப வடிவமைக்கப்பட்ட ஏற்பியைத் தானே எச்சரிக்கை அலைவரிசைக்கு மாறச் செய்யும். தமிழ் எழுத்திலும் செய்தியைத் திரையில் காட்டும். புயல் காலத்தில் இதன் பயன் பெரிது. சரிவின் விளிம்பு எங்கே அமையும் என்பதும் முற்றிலும் இயற்கையின் கையில் இல்லை. ஊர்தி அலை ஒவ்வொன்றும் 64 நிலைகளில் ஒன்றை ஏற்கும் பண்பேற்றத்தைத் தேர்ந்தால் இசை சிறக்கும், எல்லை சுருங்கும். 16 நிலைகளுக்குக் குறைத்து, வலுவான பிழைதிருத்தத்தைச் சேர்த்தால் பேச்சுக்குப் போதிய தரத்துடன் எல்லை விரியும். இத்தேர்வு ஒலிபரப்பு நிலையத்தில் செய்யப்படுகிறது. கரையோர நிலையங்களில் அதனைச் செய்யுமுன், என்ஜின் இரைச்சலுக்கு நடுவே, ஓடும் படகிலேயே ஏற்பு எல்லையை அளந்தறிதல் வேண்டும்.