பெரியப்பா விட்ட பஸ்!

பகலில் ஆபீஸ் குமாஸ்தா, ராத்திரியில் வெப்சைட் முதலாளி. இதுதான் ஸார் என் ஜாதகம்! எங்க ஊர் பஸ் நேரங்களைப் போட்டு ஒரு வெப்சைட் நடத்துகிறேன். செலவு கையைக் கடித்தது. "விளம்பரம் போடேண்டா" என்றான் நண்பன். போடலாம்... எங்கே?

1994 அக்டோபரில் அமெரிக்காவின் 'ஹாட்வயர்ட்' தளம் பேனர் விளம்பரம் போட்ட நாளிலிருந்தே எல்லோருக்கும் இதே தலைவலி. முதலில் வலது ஓரத்தில் போட்டேன். சீந்துவாரில்லை! ஜேக்கப் நீல்ஸன் 2006-லேயே காரணம் சொல்லியிருக்கிறார்: மேலே இரண்டு வரி குறுக்கே மேய்கிற கண், அப்புறம் இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடுமாம்.

சரி, உச்சியிலேயே அடைத்துவிடலாமா? அப்படிச் செய்கிற தளங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ள கூகுள் 2012-லேயே ஏற்பாடு செய்துவிட்டது.

மூளை வேலை செய்தது. 'நேரம் பார்க்க' பட்டனுக்கு ஒட்டினாற்போல் கீழே வைத்தேன். அடேயப்பா! க்ளிக் எகிறியது. சம்சாரத்துக்கு ஃப்ரிட்ஜ் வாக்குறுதியே கொடுத்துவிட்டேன்!

சனிக்கிழமை காலை, வியர்க்க விறுவிறுக்கப் பெரியப்பா வந்தார்.

"ஏண்டா, உன் பட்டனைத் தொட்டா லோன் வேணுமாங்கிறான். மறுபடி தொட்டா மறுபடியும் லோன்! அதுக்குள்ளே ஆறே கால் பஸ் போயிடுச்சு. கண் டாக்டர் மாசத்துக்கு ஒருநாள்தான் வருவார், தெரியுமில்ல?"

சுருக்கென்றது. நான் எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டதெல்லாம் வழுக்கின விரல்கள்! விளம்பரம் கொடுத்தவனுக்குக் காசு தண்டம். பெரியப்பாவுக்கு ஒரு மாசம் தண்டம். இப்படித் தவறுதலாக விழவைக்கிற க்ளிக்குக்குக் கணக்கையே மூடிவிடுவார்கள் என்று விதி இருப்பதையும் அப்போதுதான் படித்தேன்.

அன்றைக்கே மாற்றினேன். நேர அட்டவணை முடிந்த பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலே 'விளம்பரம்' என்று எழுதி வைத்தேன். வந்த வேலை முடிந்தவர்தானே நிதானமாகப் பார்ப்பார்? அதற்காக அடிமட்டத்துக்கும் தள்ளக்கூடாது. பேனரில் பாதியாவது ஒரு விநாடி திரையில் தெரிந்தால்தான் 'பார்த்தார்' என்று கணக்கு. இன்னொன்று: விளம்பரத்துக்கான இடத்தை முதலிலேயே காலியாக ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தாமதமாக வந்து விழும்போது பக்கமே குதிக்கும்; விரல் மறுபடி தப்பும்.

வருமானம் இறங்கியது. ஃப்ரிட்ஜ் தீபாவளிக்குத் தள்ளிப்போனது. (எந்தத் தீபாவளி என்று நான் சொல்லவில்லை!)

அடுத்த மாசம் பெரியப்பாவிடமிருந்து ஃபோன்.

"பஸ்ஸைப் பிடிச்சு டாக்டரையும் பார்த்தாச்சுடா. அது சரி, உன் அட்டவணைக்குக் கீழே மூக்குக்கண்ணாடி விளம்பரம் ஒண்ணு இருந்துதே... அந்தக் கடை எங்கே இருக்கு?"